தடியன் குனிந்த இடம்

ஜனவரி 20, திங்கள்

செண்டை நின்ற பிறகும் தடியனின் காது ஆடிக்கொண்டிருந்தது.

ஜோபிச்சேட்டன் கோலைக் கீழே வைத்து, பீடி பற்றவைத்து, பாதி இழுத்தும் முடித்துவிட்டார். காது இன்னும் ஆடுகிறது. "உன் யானைக்குக் காது நல்லாத்தான் கேக்குது ரின்சி. என்ன, நேத்து அடிச்சது இன்னிக்குக் கேக்குது" என்றார். பட்டறையே சிரித்தது. எனக்கு வந்த எரிச்சலில் தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

சேட்டன் என் பெரியப்பா மகன். சர்ச் பெருநாள்களுக்கு இறக்கை அசைக்கும் சம்மனசுகளும், வாய் திறக்கும் பாம்புகளும் செய்துகொண்டிருந்த பட்டறை இது. இப்போது முதல் யானை. கோட்டமுறி கோயிலின் ராமபத்ரன் செத்தபின் அங்கே யானை இல்லை. விலங்குகளுக்காகப் பாடுபடும் யாரோ சிலர் பணம் போட்டு ஒரு இயந்திர யானையைக் கொடுக்கிறார்கள். உள்ளே இரும்பு, மேலே ரப்பர். கோயிலில் பெரிய பெயர் வைப்பார்கள். எங்களுக்குத் தடியன்.

என் வேலை யானையோடு பேச்சு வார்த்தை நடத்துவது. லேப்டாப்பில் ஓடும் என் ஸ்கிரிப்ட் செண்டையைக் கேட்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஓர் எழுத்தை ஒயர் வழியே தடியன் வயிற்றுக்குள் இருக்கும் போர்டுக்கு அனுப்புகிறது. போர்டு அதைப் படித்து மோட்டாரைத் திருப்புகிறது. நான் அனுப்பும் வேகத்துக்குக் காது ஆட முடியாது. ஆடாத எழுத்தெல்லாம் வரிசையில் நிற்கிறது. போர்டு ஒன்றையும் தூக்கிப் போடுவதில்லை. செண்டை ஓய்ந்தது அதற்குத் தெரியாது, சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்து முடிக்கிறது.

வழி ஒன்றுதான். "முடிந்தது" என்று போர்டு சொல்லாமல் அடுத்த எழுத்தை ஸ்கிரிப்ட் அனுப்பக் கூடாது. ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும்.

ஜனவரி 23, வியாழன்

காது இப்போது செண்டையோடு நிற்கிறது. சேட்டன் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி நிறுத்தி அடித்துப் பார்த்தார். ஏமாறவில்லை. "பெண்ணே, நீ பொழைச்சுக்குவ" என்றார்.

கோயில் கமிட்டிச் செயலாளர் உதயன் மேனோன் வந்திருந்தார். காலையில் ஸ்விட்ச் போட்டதும் தடியன் விடும் கொட்டாவியை அவருக்குக் காட்டவில்லை, அவர் வருவதற்குள் அது முடிந்துவிட்டது. தலையை ஒருமுறை நன்றாகத் தாழ்த்தி, துதிக்கையைத் தூக்கி இறக்குவான். தன் தலை எங்கே இருக்கிறது என்று போர்டு தெரிந்துகொள்ளும் வழி அது. பட்டறையில் அதைக் கேட்டுத்தான் நாள் தொடங்குகிறது: "கொட்டாவி விட்டாச்சா? அப்ப டீ சொல்லு."

மேனோனுக்கு எல்லாம் பிடித்தது. போகிற நேரத்தில்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு விஷயம் மேடம். மதிலுக்கு உள்ளே… நீங்க வர முடியாது. தப்பா நினைக்காதீங்க. பழக்கம் அப்படி."

நினைத்தேன். சொல்லவில்லை. "சார், நான் உள்ள வராம யானையை யார் ஆட்டுவா?"

"லேப்டாப் இன்னும் ஞானஸ்நானம் வாங்கல" என்றார் சேட்டன். "அது உள்ள போலாம். இவதான் போக முடியாது."

முடிவு இதுதான்: கோபுர வாசலுக்கு எதிரே தங்கமணிச்சேச்சியின் டீக்கடை பெஞ்சில் நான். மதிலில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டை வழியே நீளக் கேபிள். உள்ளே தடியன். அவன் பக்கத்தில் ராமபத்ரனின் பழைய பாகன் அப்புக்குட்டன், கையில் ஃபோனோடு. நான் ஆட்டும் யானையை நான் பார்க்கவே மாட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

கோயிலில் பூஜை செய்யும் சாந்திக்காரர் வந்தார். புருஷோத்தமன் எம்பிராந்திரி, மரியாதைக்கு எல்லோரும் கூப்பிடுவது திருமேனி. ஐம்பது வயதிருக்கும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். சாமியை ஆற்றில் நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டன்று திடம்பை — சாமி உருவம் பதித்த அந்தத் தகட்டை — கட்டிப்பிடித்துக்கொண்டு யானைமேல் உட்கார வேண்டியவர் அவர்தான். ராமபத்ரன் மிரண்டு ஓடிய அன்று மேலே இருந்ததும் அவர்தான். திடம்பை விடக் கூடாது, அதனால் பிடித்துக்கொள்ளக் கையே இல்லை. எங்கோ ஒரு வயலில் யானை நின்றபோது இடுப்பு எலும்பு போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த யானைமேலும் ஏறவில்லை.

தடியனைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொடவில்லை.

"இது தானா ஏதாவது செய்யுமா?"

"காலையில ஸ்விட்ச் போட்டதும் ஒரு தடவை தலையை ஆட்டும் திருமேனி. அதோட சரி. அதுக்கப்புறம் நான் சொல்லாம ஒரு முடிகூட அசையாது."

"நீ சொல்லாம?"

"நான் சொல்லாம."

அதற்கப்புறம்தான் தும்பிக்கையைத் தொட்டுப் பார்த்தார். "ராமபத்ரன் நல்லவன்தான். ஆனா அவன் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இதுக்கு மனசே இல்லை. அதுதான் எனக்கு வேணும்."

பிப்ரவரி 2, ஞாயிறு

என் எழுத்து கோணலாகப் போகிறது.

இன்று தடியனை நடைக்கு இருத்தும் சடங்கு, அதாவது சாமிக்கு ஒப்படைப்பது. காலையில் கோபுரத்துக்கு வெளியே வைத்தே அப்புக்குட்டன் பேட்டரி ஸ்விட்சைப் போட்டார், தடியன் கொட்டாவி விட்டான். நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு சக்கரத்தில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் சேட்டனும் டீக்கடையில். மேனோனின் கட்டளை: நடை திறக்கும்போது சங்கு ஊதுவார்கள், அதற்கு முன் ஸ்கிரிப்டை ஓட்டக் கூடாது. சாமி கண் திறக்கும் முன் யானை அசையக் கூடாதாம்.

சங்கு ஊதினார்கள். நான் ஓட்டினேன்.

உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெண் வீறிட்டாள். அப்புறம் நூறு பேர்.

ஷாக் அடிச்சிருச்சுன்னுதான் நெனச்சேன். ஈசோயே, யாரோ ஒயரை மிதிச்சுட்டாங்க, யாரோ செத்துட்டாங்க. அப்புக்குட்டன் ஃபோனை எடுக்கல. சேட்டன் வாசல் வரைக்கும் ஓடி அங்கேயே நின்னுட்டார், உள்ள போக முடியாதே! நான் கேபிளைப் பிடுங்கிட்டேன்.

பிறகு ஆட்கள் வெளியே வந்தார்கள். அழுதுகொண்டு, கும்பிட்டுக்கொண்டு. தங்கமணிச்சேச்சி ஒரு கிழவரைப் பிடித்து உலுக்கினாள், "என்ன ஆச்சு சொல்லித் தொலைங்க!"

"குனிஞ்சது" என்றார் அவர். "நடை திறந்தது. யாரும் தொடல. தலையைத் தாழ்த்திக் கும்பிட்டது. தும்பிக்கையைத் தூக்கிச்சு."

அப்புக்குட்டன் கடைசியில்தான் வந்தார். கண் சிவந்திருந்தது. "ராமபத்ரனை நடையில குனிய வைக்க நான் எத்தனை தடவை கோலால குத்தியிருக்கேன் தெரியுமா? இவன் கோலே இல்லாமக் குனியறான்." பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நான் குனியச் சொல்லவில்லை. ஸ்கிரிப்டில் குனிவதற்கான எழுத்தே கிடையாது.

பிப்ரவரி 3, திங்கள்

கொட்டாவி.

கொட்டாவிதான்! பட்டறையில் இன்னொரு போர்டை வைத்துப் பார்த்தேன். கரண்ட் வந்ததால் கொட்டாவி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பட்டறையில் லேப்டாப்பும் யானையும் ஒரே ஸ்விட்ச் பலகையில், எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும், அதனால் எது எதனால் என்று பிரித்தே பார்த்ததில்லை. ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கி ஒயர் வழியைத் திறக்கும்போதெல்லாம் போர்டு ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. பிழைத்ததும் தலையைத் தேடிக் குனிகிறது. கரண்ட் வந்தாலும் அதேதான், வழி திறந்தாலும் அதேதான். சங்கு ஊதினதும் நான் வழியைத் திறந்தேன். அவ்வளவு.

நல்லவேளை மேலே யாரும் இல்லை.

மேனோனை ஃபோனில் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். வழி திறப்பது, போர்டு பிழைப்பது, கொட்டாவி, எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"சரி மேடம். அந்த நேரத்துல ஓட்டணும்னு உங்க மனசுல தோண வச்சது யாரு?"

"நீங்கதான் சார். சங்கு ஊதினதும் ஓட்டச் சொன்னது நீங்க."

"அப்போ என் மனசுல தோண வச்சது யாரு?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

தடியன் குனியும் வீடியோ எங்கள் சர்ச் குழுவில்கூட வந்துவிட்டது. அம்மா பெருமைப்படுவதா பாவசங்கீர்த்தனம் செய்வதா என்று குழம்பி நிற்கிறாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

திருமேனி பட்டறைக்கு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை, இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீ எங்கிட்ட என்ன சொன்ன?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"நீ சொல்லாம அசையாதுன்னு சொன்னே இல்ல?"

"தப்பு என்னோடது திருமேனி." விளக்கினேன். மேனோனிடம் சொன்ன அதே கதை. அவர் மட்டும்தான் முகம் சுளிக்காமல், கும்பிடாமல் கேட்டார்.

"ஊர் முழுக்க சாமி செஞ்சதுன்னு சொல்லுது. நான் தினம் காலையில அவரைக் குளிப்பாட்டுறவன். அவர் இந்த மாதிரி வேலையெல்லாம் பண்ண மாட்டார்." இஞ்சினை நிறுத்தினார். "இப்போ கமிட்டி சொல்லுது, பகவானே குனிஞ்சு கூப்பிட்டாச்சு, ஆறாட்டுக்கு நீ ஏறித்தான் ஆகணும்னு. ஏறலைன்னா வேற சாந்தி வருவார். ஆறாட்டுக்கு மட்டும் இல்ல. மொத்தமா."

என்னால் அவர் காலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேறு சாந்தி வந்தால் கோயில் கொடுத்த வீடும் போகும்.

"நான் மேல இருக்கும்போது அது கொட்டாவி விட்டா?"

விழுவார். எனக்குத் தெரியும். தலை தாழும் வேகத்துக்கு, இரண்டு கையும் திடம்பில் இருக்கும் மனிதர் முன்பக்கம் சரிந்து தரையில்தான் விழுவார். அவரே என் முகத்தில் படித்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று வந்ததுதான் இடி.

கொட்டாவியை எடுத்துவிடப் போகிறேன், இனி குனியாது என்று மேனோனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கோபுரத்தில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்களாம்: ஆறாட்டன்று நடை திறக்கும்போது திடம்போடு யானை வணங்கும். எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிறார்களாம்.

"சார், மேல ஆள் இருப்பார்."

"ராமபத்ரன் ஆளை வச்சுக்கிட்டுக் குனிஞ்சதில்லையா?"

"ராமபத்ரன் யானை சார்! பாத்து மெதுவாக் குனிவான். இது இரும்பு."

"மேடம், உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம். டவுன்ல எலெக்ட்ரானிக்ஸ் கடை வச்சிருக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். ஒயரை மாட்டி லேப்டாப்ல அந்த வழியைத் திறந்தாப் போதும், தானாக் குனியும். நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். ஒன்று விடாமல் நான்தான் சொன்னேன். எப்படி நடந்தது என்று நான் சொன்ன உண்மை, அவருக்குச் செய்முறை விளக்கமாகப் போய்விட்டது.

சேட்டனிடம் வந்து கத்தினேன். "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்!"

"கத்தாதே. யானை இன்னும் நம்ம பட்டறைக்கு ஒரு தடவை சர்வீஸுக்கு வரும் இல்ல? அப்போ யோசி."

பிப்ரவரி 12, புதன்

யோசித்தேன். நான் குனிய வைக்க மாட்டேன் என்றால் வேறு ஒருவன் குனிய வைப்பான். அதனால் குனியும். ஆனால் யார் சொன்னால்?

மேலே இருப்பவர் சொன்னால்.

பிப்ரவரி 20, வியாழன்

தடியன் சர்வீஸுக்கு வந்தான். உடம்பு முழுக்கக் குங்குமம். காதுக்குள் யாரோ வேண்டுதல் எழுதிச் செருகிய சீட்டுகள். ஒரு சீட்டில், மகளுக்கு நர்ஸ் வேலை. எடுத்துப் போட மனம் வரவில்லை, திரும்ப அங்கேயே வைத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

முதலில் கொட்டாவியை அழித்தேன். கரண்ட் வந்தாலும் வழி திறந்தாலும் தடியன் இனி சும்மா நிற்பான். போர்டில் ஒரு சின்னக் கப்பாசிட்டர் வைத்தேன். வழி திறந்தால் இனி அது செத்துப் பிழைக்காது. டவுன் பையன் எத்தனை முறை திறந்தாலும் ஒன்றும் நடக்காது. கேபிளையும் தூக்கிவிட்டேன், இரண்டு ரேடியோப் பெட்டிகள்: ஒன்று என்னிடம், ஒன்று தடியன் வயிற்றில்.

பிறகு கட்டைவிரல். யானைக் கழுத்தில் உட்காருபவர் கழுத்துக் கயிற்றுக்குள் காலை நுழைத்துக்கொள்வார். அங்கே, வலது கட்டைவிரலுக்கு அடியில், ரப்பர் சுற்றிய ஒரு சுவிட்ச். ஸ்கிரிப்ட் விடாமல் கேட்கும்: தயாரா? விரல் மிதிக்கும்வரை போர்டு சொல்லும்: காத்திரு. மிதித்தால்: தயார். அப்போதுதான் என் பக்கத்திலிருந்து "குனி" போகும். விரலை எடுத்த நொடியே தலை இருக்கும் இடத்தில் நின்றுவிடும். அதுவும் அரிசி களைந்த தண்ணீரை வடிக்கிற மாதிரி மெதுவாகத்தான் இறங்கும்.

நான் நினைத்தாலும் அவர் மிதிக்காமல் முடியாது. அவர் நினைத்தாலும் நான் அனுப்பாமல் முடியாது.

மார்ச் 9, ஞாயிறு

திருமேனி ஏறினார். ஏணியின் பாதியில் நின்று இரண்டு முறை இறங்கிவிட்டார். மூன்றாம் முறை ஏறிவிட்டார். திடம்புக்குப் பதில் சேட்டன் ஒரு வாழைத்தார் கொடுத்தார், அதைக் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

திரையில் காத்திரு, காத்திரு. பிறகு தயார்.

தலை மெல்ல இறங்கியது. பாதியில் விரலை எடுத்துவிட்டார். அங்கேயே நின்றது. மேலேயிருந்து சத்தம்: "நின்னுடுச்சு!"

"நீங்க நிறுத்தினீங்க திருமேனி."

"நானா?" மறுபடி மிதித்தார். எடுத்தார். மிதித்தார். எடுத்தார். விளையாட ஆரம்பித்துவிட்டார். சேட்டன் போதும் போதும், மோட்டார் சூடாகும் என்று கத்த வேண்டியதாயிற்று. தவக்கால நோன்பு நேரம், இல்லையென்றால் இன்று மீன் வாங்கிக் கொண்டாடியிருப்பேன்.

இறங்கி வந்து என்னிடம் ஒன்று கேட்டார். "நான் மிதிச்சா உனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இருப்பேன் திருமேனி."

"போன தடவையும் சொன்னே."

என் பக்கம் ஸ்கிரிப்ட் ஓடும்போது உங்கள் காலருகே எரிகிற மாதிரி ஒரு விளக்கு வைத்துத் தருகிறேன் என்றேன். விளக்கையெல்லாம் யார் நம்பறது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

மார்ச் 14, வெள்ளி — ஆறாட்டு

தெருவில் நிற்க இடமில்லை. தங்கமணிச்சேச்சி என் பெஞ்சை மட்டும் யாரும் உட்காராமல் காத்து வைத்திருந்தாள்.

சங்கு. வழியைத் திறந்தேன். தயாரா?

காத்திரு.

உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரு தலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று தெரியும், நான்தான் பார்க்க முடியாது. தயாரா? காத்திரு. தயாரா? காத்திரு. பதில் வந்துகொண்டே இருக்கிறது, ரேடியோ சரியாக இருக்கிறது. அவர் மிதிக்கவில்லை.

ஃபோன். மேனோன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "என்ன ஆச்சு?"

"அவர் இன்னும் மிதிக்கல சார்."

"நீ குனிய வை!" மேடம் போய்விட்டது.

"என்னால முடியாது சார். முடியாத மாதிரிதான் செஞ்சிருக்கேன்."

விழுந்துவிட்டாரோ? மயங்கிட்டாரோ? கால் மரத்துப் போச்சோ? சேட்டன் மதில் ஓரம் போய் காதை வைத்துக் கேட்டார், என்னமோ அதில் கேட்கும் என்பது போல. பிறகு உள்ளே முணுமுணுப்பு எழுந்தது, பெரிதானது. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அதன் மேல் செண்டை தொடங்கிவிட்டது. காதுகளுக்கு எழுத்து போக ஆரம்பித்தது. முடிந்தது, முடிந்தது என்று பதில் வந்தது. இடையிடையே தயாரா? காத்திரு.

ஊர்வலம் ஆற்றுக்குக் கிளம்பிக் கோபுர வாசலுக்கு வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். நெற்றிப்பட்டம், குடை, வெண்சாமரம், மேலே திடம்பைக் கட்டிப்பிடித்தபடி அவர். பட்டறையில் கொட்டாவி விட்ட தடியனா இது? எதற்கு அழுதேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் கூட்டத்தில் எதையோ தேடினார். கண் என்மேல் வந்து நின்றது.

திரையில்: தயார்.

நான் எதையும் தொடவில்லை. ஸ்கிரிப்ட் கேட்டுக்கொண்டே இருந்தது, பதில் வந்தது, அது குனி என்று அனுப்பிவிட்டது. தெருவின் நடுவில், டீக்கடைக்கு நேரே, தடியன் தலையைத் தாழ்த்தினான். மெதுவாக. இன்னும் மெதுவாக. திடம்பு என் உயரத்துக்கு வந்தது. அவர் கால் விரல் வெளுத்திருந்ததைக்கூடப் பார்த்தேன். நான் எழுந்து நின்றேன், டீ கவிழ்ந்தது, லேப்டாப்பைத் தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் அலறியது. எல்லோரும் திரும்பி, யானை எதை வணங்குகிறது என்று பார்த்தார்கள். என்னைத் தாண்டிப் பார்த்தார்கள். பெஞ்சுக்குப் பின்னால் சுவர், சுவருக்குக் கீழே வெறும் மண். அந்த மண்ணை நோக்கிக் கும்பிட்டார்கள்.

மார்ச் 15, சனி

திருமேனி பாயசத் தூக்கோடு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். நானும் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டேன்.

"ஏன் அப்படிப் பண்ணீங்க? என் உயிரே போச்சு."

"நடையில மிதிக்கத்தான் நெனச்சேன். விரல் போகல. அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கியா, இல்ல வேற யாராவது உக்காந்திருக்கானா, எனக்கு எப்படித் தெரியும்? விளக்கு எரிஞ்சுது. விளக்கு யார் வேணும்னாலும் போடலாம்." தூக்கின் மூடியைச் சரிசெய்தார். "வெளியே வந்ததும் உன்னைப் பார்த்தேன். வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தே. சரி, ஆள் இருக்குன்னு மிதிச்சேன்."

"மேனோன் சார் என்ன சொன்னார்?"

"ராத்திரி முழுக்கத் திட்டினார். காலையில ஜோசியர் வந்தார். இப்போ திட்டலை." என்னவோ போலச் சிரித்தார். "வேலை இருக்கு. வீடும் இருக்கு."

ஏப்ரல் 22, செவ்வாய்

சோழி போட்டுப் பிரசன்னம் பார்த்தார்களாம். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் பழைய காலத்துத் தெய்வ சான்னித்தியம் இருக்கிறதாம். சேட்டன் சிரித்துச் சிரித்து இருமினார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தங்கமணிச்சேச்சியின் கடை தெருக்கோடிக்குப் போகிறது. அவளுக்குச் சந்தோஷம்தான், புதுக் கடையைக் கமிட்டியே கட்டிக்கொடுக்கிறது.

2026, மார்ச் 1, ஞாயிறு

இந்த வருட ஆறாட்டுக்கு ரேடியோவைச் சோதித்துப் பார்க்கப் போனேன். மேனோன் எனக்காகவே கோபுர வாசலில் காத்திருந்தார். ரொம்ப மரியாதை. மேடம் திரும்ப வந்துவிட்டது.

"இந்த வருஷம் நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்கணும் மேடம். தப்பா நினைக்காதீங்க."

பெஞ்சு இருந்த இடத்தில் கல்விளக்கு. அதைச் சுற்றிப் பித்தளைக் கம்பி. கம்பியில் சின்னப் பலகை: மதிலுக்கு உள்ளே யார் போகலாம், யார் போகக் கூடாது என்று சொல்லும் அதே வாசகம், அதே எழுத்து. நான் உட்கார்ந்திருந்த இடம்! நான் டீயைக் கொட்டிய இடம்! கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு எவ்வளவு நேரம் பார்த்தேனோ. கோபம்கூட வரவில்லை. திகைத்துப்போய் நின்றேன்.

மேனோன் இன்னும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். நான் ஃபோனை எடுத்துத் திருமேனியைக் கூப்பிட்டேன். விஷயம் அவருக்குத் தெரியும்.

"இப்போ எங்க நிக்கப் போற?"

"பஸ் ஸ்டாப்புல."

"போச்சு, அடுத்த வருஷம் பஸ் ஸ்டாப்பும் போச்சு" என்று சேட்டன் என் பின்னாலிருந்து சொன்னார்.

"அங்கேருந்து உன்னை எனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் திருமேனி.

"தெரியும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறதெல்லாம் வேண்டாம். போய் நில்லு. நான் வாசலுக்கு வரேன்."

லேப்டாப்பைச் சேட்டனிடம் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். ஒரு பஸ் வந்து மறைத்தது, ஆள் இறக்கிவிட்டுப் போனது. கோபுர வாசலில் ஈரத் துண்டோடு அவர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். பிறகு கையைத் தூக்கினார்.

நானும் தூக்கினேன்.